உதவாத உடம்பு

தீயணைப்பு நிலையத்தில் கோபிநாத்துக்குப் பொணம் என்று பெயர்.

காலை அணிவகுப்பு முடிந்ததும் டிரில் நடக்கும். டிரில் என்றால் யாராவது ஒருவர் காப்பாற்றப்பட வேண்டும். நிலையத்திலேயே எடை குறைந்தவன் கோபிநாத். வேலையில் சேர்ந்த புதிதில் அவனைப் படுக்கச் சொன்னார்கள். படுத்தான். அதற்குப் பிறகு வேறு யாரையும் படுக்கச் சொல்லவில்லை.

"பொணம் எங்கய்யா?" என்று ஓட்டுநர் மஹபூப் பாஷா வண்டிக்குள்ளிருந்து குரல் கொடுப்பார்.

"டீ குடிச்சினு இருக்குது பாய்," என்பான் இளம்பரிதி.

"சீக்கிரம் சாவச் சொல்லு. வெயில் ஏறுது."

கோபிநாத் டீயை முடித்துவிட்டு வந்து சாவான்.

நிலையத்துக்குப் பின்னால் ஒரு வற்றிய கிணறு இருந்தது. ஏணி வழியாக இறங்கி அதன் அடியில் படுத்துக்கொள்வான். விசில் ஊதியதும் இளம்பரிதி முதுகில் காற்று உருளையும் முகத்தில் மூடியுமாக இறங்குவான். ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு அவன். தோள் அகலம். கையில் இருக்கும் கயிற்றில் இரண்டு வளையங்கள் கொண்ட முடிச்சு போடுவான். நாற்காலி முடிச்சு என்று அதற்குப் பெயர். ஒரு வளையம் நெஞ்சுக்கு, மற்றது முழங்காலுக்கு. மாட்டியதும் கயிற்றை ஆட்டுவான். மேலே இருப்பவர்கள் கப்பியில் இழுப்பார்கள். கோபிநாத் உட்கார்ந்த வாக்கில் கிணற்றிலிருந்து எழுந்து வருவான், தலையை ஒரு பக்கம் சாய்த்தபடி.

நெஞ்சு வளையம் அருகில் வரும்போது அவன் இரண்டு கைகளையும் லேசாகத் தூக்கிக் கொடுப்பான். வளையம் உட்கார்ந்ததும் கைகளை விலாவோடு இறுக்கிக்கொள்வான். அடுத்த வளையத்தை இளம்பரிதி விரித்துப் பிடித்ததும் கால்கள் தாமாக அதற்குள் போகும். இதை யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. ஆரம்பத்தில் கயிறு அக்குளை அறுத்தது. வலிக்காமல் இருக்க அவன் கண்டுபிடித்த வழி அது. பிறகு பழக்கமாகிவிட்டது. பிறகு அது பழக்கம் என்பதும் மறந்துவிட்டது.

மாவட்டப் போட்டியில் அவர்கள் நிலையம் இரண்டு முறை கேடயம் வாங்கியிருந்தது. இவ்வளவு வேகமாக ஒரு ஆளைக் கட்டி மேலே அனுப்பும் நிலையம் இந்தப் பக்கத்தில் இல்லை என்று மாவட்ட அலுவலர் மேடையில் சொன்னார். எல்லாரும் இளம்பரிதியின் தோளைத் தட்டினார்கள். கோபிநாத்தும் தட்டினான்.

மாசி மாதம் ஒரு முற்பகலில் தோல் பதனிடும் டேனரி ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது.

ஆம்பூர் சாலையில் உள்ளே தள்ளி இருந்தது அது. தோல் ஊறவைத்த தண்ணீரும் சுண்ணாம்பும் சதைக் கழிவும் வந்து சேரும் தொட்டி பின்கட்டில் இருந்தது. பம்ப் அடைத்துக்கொண்டதென்று ஒரு ஆள் இறங்கியிருந்தான். இறங்கியவன் திரும்பி வரவில்லை. எட்டிப் பார்த்த இன்னொருவனைக் காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டிருந்தார்கள். அவன் சுவரோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான்.

"பேரு இன்னா?" என்று நிலைய அலுவலர் கனகராஜ் கேட்டார்.

"பாண்டியன் சார். மாதனூர் பக்கம்."

தொட்டியின் வாய் சதுரமாக, ஒரு ஆள் உடம்பைக் குறுக்கிக்கொண்டு இறங்கும் அளவுக்கு இருந்தது. அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. நாற்றம் இருக்கும்வரை பரவாயில்லை, அது திடீரென்று நின்றுபோனால்தான் ஓட வேண்டும் என்று கனகராஜ் வகுப்பில் சொல்லுவார். டார்ச் அடித்தார்கள். பாண்டியன் சேற்றில் கால் நீட்டி, சுவரில் சாய்ந்த மாதிரி கிடந்தான். சட்டை நனைந்து நெஞ்சோடு ஒட்டியிருந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது. எல்லாரும் பார்த்தார்கள்.

"உயிரு இருக்குது," என்றார் கனகராஜ். "இளம்பரிதி, இறங்கு."

இரும்பு முக்காலியை வாய்க்கு மேல் நிறுத்திக் கப்பியைத் தொங்கவிட்டார்கள். கயிற்றை மஹபூப் பாஷாவும் டேனரி ஆட்கள் இருவரும் பிடித்தார்கள். கோபிநாத் காற்று வரும் பக்கமாகத் தொட்டி வாயோரம் குப்புறப் படுத்து டார்ச்சில் வெளிச்சம் காட்டினான். மேலே வரும் ஆளை வாங்கிக்கொள்வதும் அவன் வேலை. டிரிலில் அதைச் செய்ய அவன் ஒருபோதும் மேலே இருந்ததில்லை.

இளம்பரிதி தொடை அளவு சேற்றில் நின்றான். முடிச்சை வழக்கமான வேகத்தில் போட்டான். நெஞ்சு வளையத்தைப் பாண்டியனின் தலைக்கு மேல் கொண்டுபோனான். அங்கே நின்றான். கைகள் எழவில்லை. ஒவ்வொரு கையாக எடுத்து உள்ளே நுழைத்தான். ஒன்றை நுழைத்து அடுத்ததை எடுக்கும்போது முதல் கை நழுவி வெளியே வந்தது. மறுபடி நுழைத்தான். பிறகு கால் வளையத்தை விரித்துப் பிடித்தான்.

விரித்துப் பிடித்துக்கொண்டே இருந்தான்.

மேலிருந்து பார்த்த கோபிநாத்துக்கு அவன் எதற்குக் காத்திருக்கிறான் என்று புரிந்தது.

"காலத் தூக்குடா! நீ தூக்கி உள்ள விடுடா!" என்று கத்தினான்.

முகமூடிக்குள் இருந்தவனுக்கு அது கேட்கவில்லை. குனிந்து ஒரு காலைச் சேற்றிலிருந்து பிடுங்கினான். அது வந்ததும் உடம்பு மறுபக்கம் சரிந்தது. உடம்பைப் பிடித்தான். கால் போய்விட்டது. பயந்தவன் காற்றை இரண்டு மடங்கு குடிப்பான். உருளையில் காற்று குறைந்ததென்று சீழ்க்கை அடிக்கத் தொடங்கியது. இளம்பரிதி அண்ணாந்து பார்த்தான். பிறகு கால் வளையத்தை விட்டுவிட்டுக் கயிற்றை ஆட்டினான்.

"இழுங்க," என்றார் கனகராஜ்.

அப்போது ஒருத்தி பின்கட்டுக்குள் ஓடிவந்தாள். ஷூ கம்பெனியின் நீலக் கோட்டு போட்டிருந்தாள். யாரோ மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். பாண்டியனின் மனைவி சங்கீதா. இரண்டு பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள்.

பாண்டியன் நேராக எழுந்து வந்தான். உட்கார்ந்த வாக்கில் வரவில்லை. கால்கள் கீழே தொங்கின. தலைமுடி வெளிச்சத்துக்கு வந்தது. பிறகு நெற்றி.

"வந்துட்டாரு, வந்துட்டாரு," என்று அவள் கத்தினாள்.

வாயின் விளிம்பில் தோள் இடித்தது. கைகள் மெல்ல மேலே எழுந்தன, யாரோ இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்குவது போல. வளையம் விலாவிலிருந்து அக்குளுக்கு ஏறி, அக்குளிலிருந்து முழங்கைக்கு வந்தது. கோபிநாத் டார்ச்சை விட்டுவிட்டுக் கையைப் பிடித்தான். தோலெல்லாம் சுண்ணாம்பும் கொழுப்புமாக வழுக்கியது. பாண்டியனின் விரல்கள் அவன் கையின் மேல் மடங்கின. பிடித்தானா, தாமாக மடங்கினவா என்று தெரியவில்லை. இவன் இறுக்கினான். இறுக்க இறுக்க அந்தக் கை சோப்புக் கட்டி மாதிரி நழுவியது.

வெறும் கயிறு மேலே வந்து ஆடியது.

இளம்பரிதியை ஏணி வழியாகத் தூக்கினார்கள். அவன் தோளில் விழுந்து, அங்கிருந்து சேற்றில் விழுந்திருக்கிறான் பாண்டியன். முகம் உள்ளே. அவனைப் புரட்டிப் போடப் பார்த்திருக்கிறான் இளம்பரிதி. காற்று தீர்ந்துவிட்டது. மேலே வந்ததும் முகமூடியைக் கழற்றிவிட்டு யாரையும் பார்க்காமல் போய் வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்தான்.

மிச்சமிருந்த உருளையை மாட்டிக்கொண்டு கோபிநாத் இறங்கினான். ஆளைக் கட்டுவதற்கென்று அவன் இறங்கியது அதுதான் முதல் முறை. பாண்டியனைப் புரட்டினான். நெஞ்சு அசையவில்லை. வளையத்தை மாட்டினான். கால்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்கித் தன் முழங்காலால் தாங்கி வளையத்துக்குள் விட்டான். தலை அவன் தோளில் விழுந்தது. எடுத்து நிமிர்த்தினால் மறுபடி விழுந்தது. அந்த உடம்பு எதற்கும் உதவவில்லை. ஒரு விரல் அளவுகூடத் தன்னைத் தூக்கிக் கொடுக்கவில்லை. இத்தனை வருடம் தான் செய்துகொண்டிருந்தது என்னவென்று கோபிநாத்துக்கு அங்கே, அந்தச் சேற்றில் நின்றபோது தெரிந்தது.

கைகளை விலாவோடு சேர்த்துத் தன் இடுப்புப் பெல்ட்டால் கட்டினான். கயிற்றை ஆட்டினான். பாண்டியன் உட்கார்ந்த வாக்கில் ஒழுங்காக மேலே போனான்.

அரசு மருத்துவமனையில் டாக்டர் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். விஷவாயு என்றார். அது பொய் இல்லை. போலீஸ்காரரும் அதையே எழுதிக்கொண்டார். விழுந்ததைப் பற்றி யாரும் கேட்கவில்லை, சங்கீதாவைத் தவிர.

அவள் பிணவறைக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். நீலக் கோட்டைக் கழற்றவில்லை. கோபிநாத் தண்ணீர்க் குழாய்க்குப் போகும்போது அவனைக் கூப்பிட்டாள்.

"சார். மேல வந்தாரில்ல?"

அவன் நின்றான்.

"நான் பாத்தேன் சார். தல தெரிஞ்சிச்சு. வந்தவரு ஏன் சார் திரும்பக் கீழ போனாரு?"

பக்கத்தில் இருந்த கிழவி, "சும்மா இரும்மா, அவங்க இன்னா பண்ணுவாங்க பாவம்," என்றாள்.

கோபிநாத் குழாய்க்குப் போனான். கையில் சுண்ணாம்பு காய்ந்து வெள்ளையாகியிருந்தது. கழுவியும் வழுவழுப்பு போகவில்லை.

கனகராஜ் வண்டியின் முன் சீட்டில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோபிநாத் போய் அருகில் நின்றான்.

"சார், டிரில்ல நான் சும்மா படுக்கல சார்."

"இன்னா?"

"கைய நான்தான் தூக்கிக் குடுக்கிறேன். காலையும் நான்தான் உள்ள விடுறேன். அவனுக்கு அது தெரியாது சார். எனக்கே தெரியாது."

கனகராஜ் வண்டிக்குப் பின்னால் ஒரு முறை எட்டிப் பார்த்தார். நல்ல மனிதர். ஓய்வு பெற அதிக காலம் இல்லை.

"எல்லா ஸ்டேஷன்லயும் அப்படித்தான்யா படுக்கிறாங்க."

"அப்ப எல்லா ஸ்டேஷன்லயும் விழுவாங்க சார்."

"மெதுவாப் பேசு. அந்தாளோட ஜனங்க பின்னால நிக்கிறாங்க." அவர் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "கேஸ் அடிச்சுப் போனவன்யா அவன். புரியுதா? நாம போறதுக்கு முன்னாடியே பாதி போய்ட்டான்."

"நெஞ்சு ஏறி இறங்குச்சு சார்."

"வண்டில ஏறு."

மறுநாள் டிரிலில் கோபிநாத் உதவுவதில்லை என்று முடிவு செய்துகொண்டு கிணற்றுக்குள் போனான். படுத்தான். உடம்பைத் தளர விட்டான். இளம்பரிதி வளையத்தோடு வந்து நின்றான்.

"கையத் தூக்குணா."

அவன் தூக்கவில்லை.

"கோபிண்ணா, வெளையாடாத."

இளம்பரிதியின் முகம் முகமூடிக்குள் வெளுத்திருந்தது. ஒருவழியாக நெஞ்சு வளையத்தை மாட்டினான். கால் வளையம் மாட்ட முடியவில்லை. இழுக்கச் சொன்னான். கோபிநாத் மேலே ஏறினான். கைகள் எழத் தொடங்கின, வளையம் அக்குளுக்கு வந்தது, அடியில் தரை விலகியது. அந்த நொடியில் அவன் கைகள் அவனைக் கேட்காமலே விலாவோடு இறுகிக்கொண்டன. கால்கள் கயிற்றைத் தேடிப் பின்னிக்கொண்டன. மறுபடி செய்தார்கள். மறுபடியும் அப்படியே. உயிருள்ள உடம்பால் பிணமாக இருக்க முடியவில்லை.

அன்று சாயங்காலமே பொம்மை செய்வதென்று தீர்மானித்தான்.

அவன் மனைவி கலையரசி ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் பிரிவில் இருந்தாள். ஆம்பூரில் கழித்துக் கட்டிய தோலைக் கிலோ கணக்கில் விற்கும் கடையிலிருந்து பெரிய துண்டுகளாகப் பொறுக்கி வந்தான் கோபிநாத். தண்ணீர் பீய்ச்சும் கான்வாஸ் ஹோஸ் கிழிந்து கிடந்ததை நிலையத்திலிருந்து கொண்டுவந்தான். உடம்பு தோல். கை கால் ஹோஸ். கலையரசி ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தைத்தாள்.

"தோள்ல இறுக்கித் தைக்காத," என்றான். "லூசா விடு. தூக்குனா கை தொங்கணும்."

"எந்த மிசினு இப்படித் தைக்கும்? கையாலதான் தைக்கணும்." ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டாள். "இந்தாளு எத்தன நாளு இருப்பாரு நம்ம வீட்ல?"

"நாளைக்கே எடுத்துனு போய்டுவேன்."

"சோறு போடணுமா?"

"மணலு போடணும்."

தோல் சீவிய தூளையும் ஆற்று மணலையும் கலந்து நிரப்பினான். கொஞ்சம் போட்டுவிட்டுத் தூக்கிப் பார்ப்பான். இன்னும் கொஞ்சம் போடுவான். பாண்டியனின் எடை எவ்வளவென்று அவனுக்குத் தெரியாது. கைக்குத்தான் தெரியும். கடைசியில் பொம்மையின் தலை அவன் தோளில் விழுந்தபோது கை அதை அடையாளம் கண்டுகொண்டது. அவன் அப்படியே அதைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இன்னா?" என்றாள் கலையரசி.

"போதும். வாயத் தைச்சிடு."

"இதுக்குப் பேரு இன்னா?"

"பேரு வேணாம்."

நிலையத்தில் முதல் நாள் எல்லாரும் சிரித்தார்கள். மஹபூப் பாஷா பொம்மைக்கு சலாம் வைத்தார். "அடடே, புதுப் பொணம் வந்துட்டாரு. பழைய பொணத்துக்கு இனிமே வேல இல்ல."

கிணற்றுக்குள் இறக்கினார்கள். இளம்பரிதி கட்டினான். பாதி உயரத்தில் பொம்மை கையைத் தூக்கிக்கொண்டு வளையத்திலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. கிணற்றின் அடியிலிருந்து சத்தம் வந்தது. சிரிப்பு நின்றது.

மறுநாளும் விழுந்தது. அதற்கடுத்த நாளும். கால் வளையம் மாட்டினால் நெஞ்சு வளையம் தளர்ந்தது. இரண்டையும் மாட்டினால் தலை முன்னால் சரிந்து உடம்பு குப்புற மடிந்தது. கப்பி இழுத்தவர்களுக்குக் கை தோல் உரிந்தது. "இன்னா வெயிட்டுய்யா இது, ஆளா எருமையா?" என்று மஹபூப் பாஷா திட்டினார். "ஆள்தான் பாய்," என்றான் கோபிநாத். அவர் கயிற்றை மறுபடி பிடித்தார்.

ஒவ்வொரு முறை பொம்மை விழும்போதும் இளம்பரிதி ஏணி ஏறி வந்து வண்டிக்குப் பின்னால் போவான். கொஞ்ச நேரம் கழித்து வாயைக் கழுவிக்கொண்டு வருவான். கோபிநாத் பார்த்தான். பார்த்தும் நிறுத்தவில்லை.

"மறுபடி பண்ணலாம்டா."

"ஜாஸ்தி படுத்தாதணா."

"இன்னும் ஒரு தடவ."

பங்குனி முடியும் சமயத்தில் ஒரு நாள் பொம்மை ஒழுங்காக மேலே வந்தது. கோபிநாத் சேற்றில் செய்த மாதிரியே இளம்பரிதி முழங்காலால் கால்களைத் தாங்கி வளையத்துக்குள் விட்டான். பெல்ட்டைக் கழற்றிக் கைகளை விலாவோடு கட்டினான். மெதுவாகத்தான் வந்தது. ஆனால் உட்கார்ந்த வாக்கில், தலையைச் சாய்த்தபடி, கிணற்று விளிம்பைத் தாண்டி வந்தது. யாரும் கைதட்டவில்லை. மஹபூப் பாஷா மட்டும் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "இப்பத்தான்யா நாம ஒரு ஆளத் தூக்குறோம்," என்றார்.

கனகராஜ் தன் அறை வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தீத்தொண்டு நாள் விழாவுல இதயா காட்டப் போறீங்க?"

"ஆமா சார்," என்றான் கோபிநாத்.

"கலெக்டர் வர்றாரு. இவ்ளோ நேரம் அவரு வெயில்ல நிப்பாரா? டீயும் வடையும் ஆறிப் போய்டும்யா."

"உண்மையா அவ்ளோ நேரம் ஆவும் சார்."

"உண்மையப் பாக்க அவரு வரல."

அடுத்த வாரம் ஒரு தேர்த் திருவிழாவுக்குப் பாதுகாப்பு வண்டி அனுப்ப வேண்டியிருந்தது. வேறொரு ஓட்டுநர் ஓட்டிய அந்த வண்டியோடு கோபிநாத்தை அனுப்பினார்கள். தேர் நிலைக்கு வந்து, வாணவேடிக்கை முடியும்வரை அங்கேயே இருந்தான். திரும்பியது தீத்தொண்டு நாளன்று காலையில்தான். நேராகப் பள்ளி மைதானத்துக்குப் போகச் சொன்னார்கள்.

ஷாமியானா போட்டிருந்தார்கள். முன்வரிசையில் நாற்காலிகளுக்கு வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. மைதானத்தின் நடுவே மரச் சட்டங்களால் ஒரு உயரமான மேடை கட்டி, அதன் நடுவில் சதுர ஓட்டை விட்டிருந்தார்கள். அதுதான் தொட்டி. பொம்மையை முன்பே உள்ளே வைத்திருந்தார்கள். நாற்றம் இல்லை. மைக்கில் பேசிய ஆசிரியர், டேனரி விபத்துகளில் நம் வீரர்கள் எப்படி உயிரைப் பணயம் வைக்கிறார்கள் என்பதை இப்போது பார்க்கலாம் என்றார்.

விசில். இளம்பரிதி இறங்கினான். கோபிநாத் மேலே கப்பியருகில் நின்றான். மனதுக்குள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டான். நெஞ்சு. ஒரு கால். அடுத்த கால். பெல்ட். இன்னும் இரண்டாவது காலுக்கே வரவில்லை. கயிறு ஆடியது.

"அதுக்குள்ளயா?" என்றான்.

மஹபூப் பாஷா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. இழுத்தார். ஒரே இழுப்பில், கிணற்றிலிருந்து குடம் வருவது போல, பொம்மை மேலே வந்தது. ஷாமியானா முழுக்கக் கைதட்டினார்கள். கலெக்டர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து தட்டினார். கனகராஜ் நிறுத்தற்கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு தலையாட்டினார்.

கோபிநாத் பொம்மையை வாங்கினான். கனமாக இருக்குமென்று கால்களை அகட்டி நின்று வாங்கியவன் பின்னால் தள்ளாடினான். அதில் எடையே இல்லை. மணலைக் கொட்டிவிட்டு வைக்கோலைத் திணித்திருந்தார்கள்.

கைகளைத் தூக்கிப் பார்த்தான். வரவில்லை. இரண்டு கைகளும் தோளிலிருந்து மணிக்கட்டு வரை விலாவோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தன. பச்சை நைலான் நூல். கலையரசியின் தையல் இல்லை. நெருக்கம் நெருக்கமாக, கோணல்மாணலாக, ஊசி பிடித்துப் பழகாத ஒருவன் நெடுநேரம் உட்கார்ந்து போட்ட தையல்.

வண்டியின் மறைவுக்குப் பொம்மையைக் கொண்டுபோனான். இளம்பரிதி அங்கே முகமூடியைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"வைக்கோலு சார் வெக்கச் சொன்னது," என்றான் அவன்.

"தையலு?"

இளம்பரிதி முகமூடியின் வாரைச் சுருட்டினான். அவன் வலது கை விரல் நுனிகளில் ஊசி குத்திய கறுப்புப் புள்ளிகள் இருந்தன.

கோபிநாத் சட்டைப் பையிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்தான். முதல் தையலுக்கு அடியில் நுனியை விட்டான். இளம்பரிதி அவன் மணிக்கட்டைப் பிடித்தான். பெரிய கை. அழுத்திப் பிடித்தான்.

"விடுணா."

"அன்னைக்கு ஒழுங்கா வந்துச்சேடா. நீயே கட்டுன."

"ஒரு தடவ வந்துச்சு. மிச்சம் எல்லாம் விழுந்துச்சு. என் மேலதான் விழுந்துச்சு." அவன் குரல் உயரவில்லை. "ராத்திரில கண்ண மூடுனா கையத் தூக்கினு வர்றான்ணா. இங்க வந்து பாத்தா இதுவும் தூக்குது. என்னால முடியல."

"அடுத்த தடவ இன்னா பண்ணுவ?"

"அடுத்த தடவ நான் இருக்க மாட்டேன். கன்ட்ரோல் ரூமுக்கு மாத்தல் கேட்டு எழுதிக் குடுத்தேன். போன் எடுக்குற வேல. வந்துடுச்சு."

"யாரு எறங்குவாங்க?"

இளம்பரிதி அவனைப் பார்த்தான். அவன் மெலிந்த தோளையும் கையையும் பார்த்தான். பிறகு பார்வையை விலக்கிக்கொண்டான்.

"என் எடத்துக்கு ஆளு போடுவாங்கன்னு சார் சொன்னாரு."

"எப்ப?"

"அது சொல்லல."

மைக்கில் யாரோ தட்டிப் பார்த்தார்கள். தாமதமாக வந்த எம்.எல்.ஏ.வுக்காக அந்த வீர சாகசத்தை இன்னொரு முறை செய்து காட்டும்படி ஆசிரியர் கேட்டுக்கொண்டார். மாணவர்கள் கூச்சலிட்டார்கள். கனகராஜ் வண்டியைச் சுற்றி வந்து, கத்தியையும் அவர்கள் இருவரையும் பார்த்தார்.

"கோபி, பொம்மைய உள்ள வை. சீக்கிரம்."

இளம்பரிதி கையை எடுத்தான். கோபிநாத் கத்தியை மடக்கிப் பையில் போட்டான். பொம்மையை ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு நடந்தான்.